கிட்டத்து முயலுக்குத் தெர்மல் ஸ்பாட்டர்: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

பண்ணைகளில் முயல் தொல்லையைக் கட்டுப்படுத்துவது என் தொழில். இருட்டில் விலங்கின் உடல் சூட்டைப் படமாகக் காட்டும், கையில் பிடித்துப் பார்க்கும் கருவிதான் தெர்மல் ஸ்பாட்டர். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் "குறைந்த விலையில் நல்ல தெர்மல் ஸ்பாட்டர் எது?" என்று கேட்டால், முதலில் நான் திருப்பிக் கேட்பது "எத்தனை மீட்டரில் சுடுகிறீர்கள்?" என்றுதான். ஏர் ரைபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) வைத்திருப்பவர் 25, 30 மீட்டர் என்பார். .22 ரிம்ஃபயர் (சிறு தோட்டாத் துப்பாக்கி) வைத்திருப்பவர் 50, 60 என்பார். அவர்கள் வாங்க நினைக்கும் கருவியின் பெட்டியிலோ "கண்டறியும் தூரம் 1,000 மீட்டர்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்த எண்ணை நம்பி வாங்கினால் பணம் வீணாகும். அதை நம்பிச் சுட்டால் சாகக்கூடாத உயிர் சாகும்.

கண்டறிவது என்றால் "அங்கே சூடாக ஏதோ இருக்கிறது" என்று தெரிவது, அவ்வளவுதான். இரண்டு மூன்று பிக்சல் ஒளிர்ந்தால் போதும், கண்டறிந்ததாகக் கணக்கு. அதுவும் பெரும்பாலும் நிற்கும் மனிதனை வைத்துப் போட்ட கணக்கு. உட்கார்ந்திருக்கும் முயலின் உயரம் 20 செ.மீ. அளவுதான். அது இன்ன விலங்கு என்று சொல்ல இன்னும் நிறையப் பிக்சல்கள் வேண்டும். 1958-இல் ஜான் ஜான்சன் என்பவர் வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் இந்தத் துறை அடிப்படையாக வைத்திருக்கிறது. அதன்படி விலங்கின் குறுகிய பக்கத்தில் ஏறத்தாழ 8 பிக்சல் விழுந்தால்தான் அதன் வகையைச் சொல்ல முடியும். அப்போதும் பாதிக்குப் பாதி வாய்ப்புதான்.

இந்தக் கணக்கைக் கடைக்குப் போகும் முன் நீங்களே போட்டுப் பார்க்கலாம். சென்சாரின் பிக்சல் அளவை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்து, தூரத்தால் பெருக்க வேண்டும். இப்போது வரும் சென்சார்களில் பெரும்பாலானவற்றில் ஒரு பிக்சல் 12 மைக்ரான், அதாவது 0.012 மி.மீ. குவியத்தூரம் 10 மி.மீ. உள்ள லென்ஸ் என்றால் 100 மீட்டரில் ஒரு பிக்சல் 12 செ.மீ. இடத்தை மூடும், 50 மீட்டரில் 6 செ.மீ., 30 மீட்டரில் 3.6 செ.மீ. ஆக, 30 மீட்டரில் உட்கார்ந்திருக்கும் முயலின் உயரம் ஐந்தாறு பிக்சல். 50 மீட்டரில் வெறும் மூன்று. 15 மி.மீ. லென்ஸ் போட்டால் 30 மீட்டரில் 8 பிக்சல் கிடைக்கும். 50 மீட்டரில் அதே 8 வேண்டுமென்றால் 25 மி.மீ. வேண்டும்.

அப்படியானால் பெரிய லென்ஸாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். கிட்டத்து வேலைக்கு அது சரிப்படாது. 256×192 சென்சாரில் (அகலத்தில் 256, உயரத்தில் 192 பிக்சல்) 25 மி.மீ. லென்ஸ் போட்டால், 30 மீட்டரில் நான்கு மீட்டர் அகலம்கூடத் தெரியாது. வேலியோரம் மேயும் முயலைத் தேடும்போது ஒன்றைப் பார்ப்பீர்கள், பக்கத்தில் இருக்கும் மூன்றைத் தவறவிடுவீர்கள். அதே சென்சாரில் 10 மி.மீ. லென்ஸ் என்றால் 30 மீட்டரில் ஒன்பது மீட்டர் அகலம் ஒரே பார்வையில் அடங்கும். 384×288 சென்சாரோடு 15 மி.மீ. லென்ஸ் சேர்ந்தால் அதே ஒன்பது மீட்டர் அகலம் கிடைக்கும், நுணுக்கமும் ஒன்றரை மடங்கு கூடும். 40 மீட்டருக்குள் சுடுகிறவருக்கு நான் சொல்வது இந்தச் சேர்க்கையைத்தான். பணம் அவ்வளவு எட்டாவிட்டால் 256, 10 மி.மீ. போதும். ஆனால் அது முயலைத் தேடித் தரும் கருவி மட்டுமே, சுடலாமா என்று முடிவெடுக்கும் கருவி அல்ல. 160×120-ஐ இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

விளம்பரத்தில் திரையின் எண்களைச் சென்சாரின் எண்களோடு குழப்பிவிடாதீர்கள். சென்சார் பார்க்காததைத் திரை காட்ட முடியாது. டிஜிட்டல் ஜூமும் இருக்கும் பிக்சலைப் பெரிதாக்குமே தவிர, புதிதாக எதையும் சேர்க்காது. கைப்பேசியில் செருகும் சின்னத் தெர்மல் கேமராக்களிலும் 256×192 என்று போட்டிருப்பார்கள். அவற்றின் லென்ஸ் மூன்று நான்கு மி.மீ.தான், சுவரில் கசிவு பார்ப்பதற்காகச் செய்தவை. 50 மீட்டரில் ஒரு முயல் ஓரிரு பிக்சலுக்குள் முடிந்துவிடும். போதாக்குறைக்குக் கைப்பேசியின் திரை உங்கள் முகத்தில் விளக்கடிக்கும்.

ஒரே செலவாக முடிக்கலாம் என்று துப்பாக்கியில் பொருத்தும் தெர்மல் ஸ்கோப்பை மட்டும் வாங்கி, அதையே தேடவும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஸ்கோப்பால் தேடுவது என்றால், இன்னதென்று தெரியாத ஒவ்வொரு சூட்டின் மீதும் துப்பாக்கிக் குழலைத் திருப்புவது என்று அர்த்தம். அது பண்ணைக்காரரின் நாயாக இருக்கலாம், இரவில் தண்ணீர் பாய்ச்ச வந்த ஆளாக இருக்கலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஸ்பாட்டரை வாங்குங்கள். சுடுவதற்கு விளக்கோ சாதாரண இரவுப்பார்வை ஸ்கோப்போ போதும். சொல்லப்போனால் அந்த இரண்டாவது பார்வைதான் விலங்கை உறுதிசெய்கிறது. பதுங்கிய பூனையும் குந்திய முயலும் தெர்மலில் ஒரே முட்டை வடிவம். நகரும் வரை காத்திருந்தால் வித்தியாசம் தெரியும். முயல் தத்தும், பூனை தாழ்ந்து நடக்கும், முள்ளெலி தத்தாமல் உருண்டாற்போல நகரும். காதுகள் தெளிவாகத் தெரியும் தூரத்திற்குள் வராத எதையும் நான் முயல் என்று எடுத்துக்கொள்வதில்லை.

தெர்மல் எதைக் காட்டாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சுற்றுப்புறத்தின் சூட்டிலேயே இருக்கும் வேலிக் கம்பி, காய்ந்த குச்சி, புல்தாள் எல்லாம் படத்தில் மறைந்துபோகும். ஏர் ரைபிள் குண்டு திசைமாற ஒரு புல்தாளே போதும். பின்னால் இருப்பது மண்மேடா, கல்லா, வெறும் வெளியா என்பதும் சரியாகப் புரியாது. படம் தட்டையாக இருப்பதால் 25 மீட்டரும் 40 மீட்டரும் ஒன்றுபோலத் தோன்றும். முயல் தலையில் ஏர் ரைபிளுக்கு இலக்காகும் இடம் மூன்று செ.மீ. விட்டத்துக்குள்தான் என்பதால், தூரத்தில் தவறினால் விலங்கு காயத்தோடு வளைக்குள் ஓடிச் சித்திரவதைப்படும். பகலிலேயே போய் இடத்தைப் பாருங்கள். எந்தக் கம்பம் எத்தனை மீட்டர் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். இந்த விலங்கைச் சுடலாமா, இரவில் சுடலாமா, தெர்மல் கருவி வைத்திருக்கலாமா என்பவை தனித்தனிக் கேள்விகள், நாட்டுக்கு நாடு பதில் மாறும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஐரோப்பிய முயல் வெளியிலிருந்து வந்து பரவிய தொல்லை விலங்கு. இந்தியாவில் காட்டுமுயல் வேறு இனம், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. ஒரு நாட்டுக் காணொளியைப் பார்த்து இன்னொரு நாட்டில் இறங்கக்கூடாது.

சரி, மற்ற விவரங்கள். வெப்ப வேறுபாட்டை உணரும் திறனை மில்லிகெல்வினில் சொல்வார்கள், எண் குறையக் குறைய நல்லது. வறண்ட குளிர் இரவில் 40-க்கும் 25-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஈரமும் மூடுபனியும் இருக்கும் இரவில் நன்றாகவே தெரியும். படம் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பது கிட்டத்தில் மிக முக்கியம், ஏனென்றால் கருவியை வேகமாகத் திருப்பித் தேடுவோம். 9 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 9 முறை மாறும் கருவியில் படம் இழுபடும். 25-க்குக் குறையாமல் பாருங்கள்.

விவரப் பட்டியலில் வராத ஒன்று, ஷட்டர் சத்தம். கருவி தன் படத்தைச் சரிசெய்ய அவ்வப்போது உள்ளே ஒரு சின்ன மூடியை மூடித் திறக்கும். அந்த 'டக்' சத்தம் 20 மீட்டரில் மேயும் முயலைத் தலைதூக்க வைக்கும். அதைக் கையால் நிறுத்திவைக்க வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்து, குறிபார்க்காத கண்ணால் பாருங்கள், இல்லையென்றால் குறிபார்க்கும் கண் இருட்டுப் பழக்கத்தை இழந்துவிடும். கழற்றி மாற்றும் பேட்டரி உள்ள கருவியாக இருந்தால் குளிர்கால இரவுகளில் நிம்மதி.

பழைய கருவி வாங்குவதில் தப்பில்லை, பார்த்து வாங்க வேண்டும். ஒரே சூடுள்ள வெற்றுச் சுவரைப் பாருங்கள். அசையாத புள்ளியோ கோடோ தெரிந்தால், யாரோ அதைச் சூரியனை நோக்கித் திருப்பியிருக்கலாம், சென்சார் வெந்திருக்கலாம். முன்லென்ஸ் ஜெர்மானியத்தால் ஆனது, கீறல் விழுந்தால் மாற்றுவது செலவு. புதிதோ பழையதோ, கண்ணாடி ஜன்னல் வழியாகச் சோதிக்காதீர்கள். சாதாரணக் கண்ணாடி இந்த வெப்பக் கதிரை விடாது, உங்கள் பிம்பம்தான் தெரியும். வெளியே எடுத்துப் போய், நீங்கள் சுடும் தூரத்தில் இருக்கும் ஏதாவது சின்ன விலங்கைப் பார்த்து, அது என்ன என்று சொல்ல முடிகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.