கீரைப் பெட்டியும் ஆர்சனிக்கின் ஆள்மாறாட்டமும்

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பழைய பலகை மலிவாகக் கிடைத்தது, லேசாகப் பச்சை பாரித்திருக்கிறது. பெட்டி அடித்து மாடியில் கீரை போடலாமா?”

வேண்டாம். அந்தப் பச்சை, செம்பு மருந்து ஏற்றியதன் அடையாளமாக இருக்கலாம். கறையான் அண்டாமலிருக்கச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் மரத்துக்குள் ஏற்றும் கலவையை 1933-இல் உருவாக்கியவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் சொந்தி காமேசன். அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு பெயர் போதும். ஆனால் மர மின்கம்பத்துக்கு நல்லது கீரைப் பாத்திக்கு ஆகாது.

ஏன்? பலகையிலிருந்து மண்ணில் கசியும் ஆர்சனிக்கை வேர் இழுத்துக்கொள்ளும். தனிம அட்டவணையில் பாஸ்பரஸுக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பது ஆர்சனிக். பாஸ்பரஸ் தரும் பாஸ்பேட்டும் ஆர்சனிக் தரும் ஆர்சனேட்டும் நடுவில் ஓர் அணு, சுற்றி நான்கு ஆக்சிஜன் என ஒரே வடிவம். அளவிலும் பெரிய வித்தியாசமில்லை. பாஸ்பேட்டை உள்ளே இழுக்க வேர் வைத்திருக்கும் புரதத்துக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே போன ஆர்சனேட், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறில் பாஸ்பேட்டின் இடத்தில் போய் ஒட்டும். ஒட்டிய வேகத்தில் தண்ணீர் பட்டு உடையும். உழைப்பு வீண். செடியும் சும்மா இருக்காது: நஞ்சைக் கந்தகம் உள்ள மூலக்கூறுகளால் கட்டி, பெரும்பகுதியை வேரிலேயே பூட்டிவைக்கும். அதனால்தான் தக்காளி, மிளகாயைவிட முள்ளங்கியில் ஆபத்து அதிகம். கீரையில் ஒட்டிவரும் மண்ணும் சேர்த்தி.

வெயிலில் கிடந்தால் பச்சை வெளுத்துவிடும். ஆகவே பூர்வீகம் தெரியாத எந்தப் பலகையும் வேண்டாம். கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறிய ரயில் ஸ்லீப்பர் கட்டையும், பழைய பெயின்ட் அடித்த கதவும் அப்படியே. வேப்பெண்ணெய் தடவினால் நஞ்சு முறியும் என்பது வெறும் நம்பிக்கை. அந்தப் பலகையை அடுப்பில் வைத்துச் சாம்பலைச் செடிக்குப் போடுவது அதைவிட மோசம். ஆர்சனிக் சாம்பலில் தங்கிவிடும்.

மருந்தேற்றாத தேக்கில் வைரப்பகுதிப் பலகை, ஒரு அங்குலக் கனம், போதும். கீரைக்கு அரையடி ஆழம், தக்காளிக்கு ஒரு அடி. அடியில் அரை அங்குலத் துளைகள். செங்கல் மேல் தூக்கி வையுங்கள். உள்பக்கச் சுவர்களுக்கு மட்டும் பாலித்தீன் விரிப்பு அடியுங்கள். அடியையும் மூடினால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழப் பெட்டி ஈரமண்ணோடு 150 கிலோவைத் தாண்டும். தளத்தின் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி வையுங்கள்.

வெளிப்பக்கம் கழிவு ஆயில் பூசுவது இங்கே பழக்கம். அதை விடுங்கள். காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக இரண்டு பூச்சு அடித்து, பிசுபிசுப்பு போகும்வரை ஆறவிடுங்கள். கடையில் ‘டபுள் பாயில்டு’ என்று தந்தால் வாங்காதீர்கள். சீக்கிரம் உலர உலோக உப்பு சேர்த்திருப்பார்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி விரித்துப் போடுங்கள்.