மட்டக்களப்பின் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும்?

வேற்றுக்கிரகவாசிகள் இருக்கிறார்களா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மட்டக்களப்பு என்று ஒரு ஊர் இருப்பது அவர்களுக்குத் தெரியுமா? பகிடிக்குக் கேட்கவில்லை. நம்மைப் போலவே மூளையும் கருவிகளும் உள்ள ஒரு கூட்டம் பக்கத்து நட்சத்திரத்தில் இருக்கிறது, நம்மிடம் உள்ள அதே வானொலித் தொலைநோக்கிகள் அவர்களிடமும் உண்டு, அவற்றை நம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் சத்தம் அவர்களுக்குக் கேட்குமா? கேட்காது என்றால், அவர்களுடைய சத்தம் நமக்கு இன்னும் வரவில்லை என்பதை வைத்து அங்கே ஒருவரும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

கணக்குப் போட்டே பார்க்கலாம். சூரியனை விட்டால் நமக்கு மிகக் கிட்டிய நட்சத்திரம் ப்ராக்சிமா சென்டாரி, 4.2 ஒளியாண்டு தூரம். கல்லடிக் கடற்கரையில் கடலைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் தெற்கு. மே, ஜூன் மாத இரவுகளில் அந்தப் பக்கம், அடிவானத்திலிருந்து அதிகம் உயராமல், பிரகாசமான இரண்டு நட்சத்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவை உச்சத்தில் நிற்கும்போது இடது பக்கம் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. ப்ராக்சிமா அதன் குடும்பம்தான், ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாத சிறிய சிவப்பு நட்சத்திரம்.

பூமியிலிருந்து எல்லா அலையும் வெளியே போய்விடாது. அந்தக் காலத்தில் இரவில் சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்டவர்களுக்குத் தெரியும், சத்தம் கூடும், மங்கும், திடீரென்று வேறொரு பாஷை வந்து ஏறிக்கொள்ளும். அந்த அலை வானத்தில் நூறு, இருநூறு கிலோமீற்றருக்கு மேலே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வந்ததால்தான் கடல் தாண்டி நம்மட வீட்டு ரேடியோவரை வந்தது. அப்படித் திரும்புவதால் அதில் பெரும்பகுதி பூமியை விட்டுப் போவதில்லை. எஃப்எம், டிவி, கைபேசி அலைகள் வேறு ரகம். அவை அந்த மண்டலத்தை ஊடுருவிக்கொண்டு நேரே விண்வெளிக்குப் போய்விடும். ஆகவே வெளியே கசிவது இவைதான்.

சரி, 10 கிலோவாட் வலுவுள்ள ஒரு எஃப்எம் பரப்பியை எடுங்கள். அதன் அலை எல்லாத் திசையிலும் விரிகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வலு நான்கில் ஒன்றாகும், பத்து மடங்கானால் நூறில் ஒன்று. 4.2 ஒளியாண்டு என்றால் கிட்டத்தட்ட 40 இலட்சம் கோடி கிலோமீற்றர். அங்கே 305 மீற்றர் அகலத்தில் ஒரு தட்டு வைத்துப் பிடித்தால் கிடைப்பது எவ்வளவு தெரியுமா? மூன்று வாட்டை நூறு கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி நூறு கோடியால் வகுத்து, அதையும் பத்துக் கோடியால் வகுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுதான். நன்றாகக் குளிரூட்டிய ரிசீவரில்கூட ஒரு ஹேர்ட்ஸ் (அலைவரிசையை அளக்கும் அலகு) அகலத்துக்குள் இருக்கும் இயல்பான இரைச்சல் இதைவிட ஏறக்குறைய 8,000 மடங்கு அதிகம். அதுவும் சத்தம் முழுவதும் அந்த ஒரு ஹேர்ட்ஸுக்குள் அடங்கியிருந்தால்! உண்மையில் எஃப்எம் ஒலிபரப்பு 2 இலட்சம் ஹேர்ட்ஸ் அளவுக்குப் பரந்து கிடக்கிறது, அந்த அலைவரிசையில் வானமும் சேர்ந்து இரைகிறது. நம்மட காலைச் செய்தி பக்கத்து நட்சத்திரத்தைத் தொடும்போது இரைச்சலோடு இரைச்சலாகிவிடும்.

கைபேசிக் கோபுரங்கள்? இதையும் ஒரு குழு 2023இல் கணக்கிட்டுப் பார்த்தது. உலகத்துக் கோபுரங்கள் எல்லாம் சேர்ந்து வெளியே விடும் வலு உச்சத்தில் சில கிகாவாட் வரும், ஆனால் 6 ஒளியாண்டு தூரத்திலுள்ள பார்னார்ட் நட்சத்திரத்தில் நம்முடையதைப் போன்ற தொலைநோக்கி இருந்தால் அதற்கு இது எட்டாது.

நம்மிடமிருந்து தூரம் போகக்கூடியது ஒன்று உண்டு, ராடார். போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரேசிபோ தொலைநோக்கி (2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது) கோள்களையும் சிறுகோள்களையும் அளக்க ராடார் அலை வீசி வந்தது. எல்லாப் பக்கமும் சிந்தாமல் ஒரே திசையில் குவிப்பதால், அந்தக் கதிருக்குள் நிற்பவருக்கு அது 20 இலட்சம் கோடி வாட் விளக்கைப் போலத் தெரியும். 2025இல் வந்த ஓர் ஆய்வு, நம்முடைய இன்றைய கருவிகளாலேயே அதை 12,000 ஒளியாண்டு தள்ளி நின்றும் கண்டுபிடிக்கலாம் என்கிறது. ஆனால் அந்தக் கதிரின் அகலம் நிலாவின் அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்கு அளவுதான். வானத்தில் அவ்வளவு சிறிய இடத்தில், அது வீசிய அந்த நேரத்தில், சரியான அலைவரிசையில் ஒருவர் காதை வைத்திருக்க வேண்டும். 1974 நவம்பர் 16இல் இதே அரேசிபோவிலிருந்து எம்13 என்ற நட்சத்திரக் கூட்டத்துக்கு 1,679 துணுக்குகள் (பிட்) கொண்ட ஒரு செய்தி அனுப்பினார்கள். மூன்று நிமிடம்கூட இல்லை, ஒரே ஒரு தரம். போய்ச் சேர 25,000 ஆண்டு. செய்தி அனுப்பினோம் என்று பெயருக்குச் சொல்லலாம், அவ்வளவுதான்.

இப்போது காதை நம் பக்கம் திருப்புவோம். இந்த வேலையை முதலில் செய்தவர் அமெரிக்க வானியலாளர் ஃபிராங்க் டிரேக். 1960 ஏப்ரலில் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் 26 மீற்றர் தட்டை டௌ செட்டி, எப்சிலன் எரிடானி என்ற இரண்டு நட்சத்திரங்கள் பக்கம் திருப்பி, 1420 மெகாஹேர்ட்ஸில் கேட்டார். ஐதரசன் அணு தானாகவே வெளியிடும் அலைவரிசை அது, வானொலி வானியல் தெரிந்த எவருக்கும் இந்த எண் தெரிந்திருக்கும் என்பது நம்பிக்கை.

கேட்பதில் மூன்று சூட்சுமம் இருக்கிறது. இயற்கையில் வரும் வானொலி அலைகள் பரந்தவை, மிக ஒடுங்கியவைகூட சில நூறு ஹேர்ட்ஸ் அகலமாவது இருக்கும். ஆகவே ஓரிரு ஹேர்ட்ஸுக்குள் ஊசி போல ஒரு சத்தம் வந்தால் அதைச் செய்தது ஒரு கருவி. அடுத்தது, பூமி சுழல்கிறது. மட்டக்களப்பில் உட்கார்ந்திருக்கும் நாமே வினாடிக்கு 460 மீற்றர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறோம், அதனால் வானத்திலிருந்து வரும் ஊசிச் சத்தத்தின் அலைவரிசை கொஞ்சம் கொஞ்சமாக நகரும். பக்கத்துக் கோபுரத்திலிருந்து வருவது நகராது, அதுவும் நம்மோடு சேர்ந்துதானே சுற்றுகிறது. அப்புறம், தட்டை நட்சத்திரம் பக்கம் ஐந்து நிமிடம், வேறு பக்கம் ஐந்து நிமிடம் என்று மாற்றி மாற்றித் திருப்பிப் பார்ப்பார்கள். திருப்பினாலும் சத்தம் நிற்கவில்லை என்றால் அது நம்முடையது.

நம்முடையதுதான் பெரிய தொல்லை. பழைய ஏஎம் ரேடியோ ஒன்று வீட்டில் இருந்தால் மலிவு போன் சார்ஜருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கர்ர் என்று இரையும். கிரீன் பேங்கைச் சுற்றி ஏறக்குறைய 34,000 சதுர கிலோமீற்றரை வானொலி அமைதி வலயமாக ஒதுக்கியிருக்கிறார்கள், இலங்கையில் பாதிக்கும் சற்றுக் கூட. தொலைநோக்கிக்குக் கிட்டப் பெட்ரோல் வாகனம் விடமாட்டார்கள், ஸ்பார்க் பிளக் பொறியே அலை வீசும் என்பதால் டீசல் வண்டிதான். அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது வந்த ஒரு மர்மத் துடிப்புக்கு 2015இல்தான் காரணம் தெரிந்தது. சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவ் அடுப்பின் நேரம் முடியும் முன்பே யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள்! அதே பார்க்ஸில் 2019இல் ப்ராக்சிமா பக்கமிருந்து 982 மெகாஹேர்ட்ஸில் ஒரு ஊசிச் சத்தம் வந்தது. நகர்ந்தது, தட்டைத் திருப்பினால் மறைந்தது, எல்லாப் பரீட்சையிலும் தேறியது. பிறகு பழைய பதிவுகளைத் துருவியபோது அதே மாதிரிச் சத்தங்கள் வேறு அலைவரிசைகளிலும் அகப்பட்டன, சில ப்ராக்சிமாவைப் பார்க்காத நேரத்திலும். மின்கருவிகளின் கடிகாரத் துடிப்போடு அவை பொருந்திப் போயின. 2021இல் அந்த விசாரணையை முடித்து வைத்தார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது இந்தப் பிடிவாதம்தான், தாங்கள் கண்டுபிடித்ததைத் தாங்களே உடைக்கப் பார்ப்பது.

உடைக்க முடியாமல் ஒன்று மட்டும் நிற்கிறது. 1977 ஓகஸ்ட் 15, ஒஹாயோவின் பிக் இயர் தொலைநோக்கி, 72 வினாடி நீடித்த ஒரு வலுவான சத்தம். அந்தத் தட்டு அசையாது, பூமி சுழலும்போது வானத்தின் ஒரு புள்ளி அதன் பார்வையைக் கடக்க எடுக்கும் நேரம் சரியாக அந்த 72 வினாடிதான், ஆகவே வானத்திலிருந்து வந்ததுபோலத்தான் இருக்கிறது. சில நாள் கழித்து அச்சுத் தாளைப் பார்த்த வானியலாளர் ஜெரி ஏமன் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் "வாவ்!" என்று எழுதினார். மறுபடி அது வரவே இல்லை. நம்மட வாவியில் பாடும் மீன் கதை மாதிரித்தான். கல்லடிப் பாலத்துக்குக் கீழே, நிலாக் காலத்தில், தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டவர்கள் இருக்கிறார்கள், 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பிரித்தானிய அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் கேட்டு எழுதியும் வைத்தார். பாடுவது மீனா, ஊரி என்னும் நத்தையினமா என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. ஒரு வித்தியாசம், வாவிக்குத் திரும்பவும் போய்க் கேட்கலாம்.

"அப்ப ஏன்கா ஒருத்தரும் இன்னும் வரல்ல?" என்று கேட்பார்கள். தூரமும் காலமும்தான் என் பதில். நாம் அலை வீசத் தொடங்கி நூறு ஆண்டு சொச்சம், அது போயிருப்பதும் நூறு ஒளியாண்டு சொச்சம், பால்வீதியின் குறுக்களவோ ஒரு இலட்சம் ஒளியாண்டு. அவர்கள் பத்தாயிரம் ஆண்டு பேசிவிட்டு, நாம் ரேடியோ செய்வதற்குப் பத்து இலட்சம் ஆண்டு முன்பே ஓய்ந்திருக்கலாம். (வருடத்துக்கு இரண்டு தரம் வாட்ஸ்அப்பில் வரும் ஒளிக்கோடு வீடியோவை இதற்குள் இழுக்க வேண்டாம். வரிசையாகப் போவது ஸ்டார்லிங்க் செய்மதிகள்.)

ஆனால் நம்மைக் காட்டிக்கொடுக்க ரேடியோ தேவையே இல்லை. நம் காற்றில் ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளாக ஒட்சிசன் இருக்கிறது, போட்டது நுண்ணுயிர்களும் பிறகு செடிகொடிகளும். பூமி சூரியனுக்கு முன்னால் கடக்கும்போது சூரிய ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மங்கும், அந்த ஒளியில் ஒரு துளி நம் காற்றின் வழியாகவும் போவதால் ஒட்சிசனின் தடம் அதில் பதிந்திருக்கும். நாமும் மற்றக் கோள்களை இப்படித்தான் சோதிக்கிறோம், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முக்கிய வேலைகளில் ஒன்று அது. இது சரியான கோணத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். வானியலாளர்கள் லிசா கல்டெனேகரும் ஜாக்கி ஃபாஹர்ட்டியும் 2021இல் எண்ணிப் பார்த்தார்கள்: 326 ஒளியாண்டுக்குள், கடந்த 5,000 ஆண்டில் அந்தக் கோணத்தில் நின்ற நட்சத்திரங்கள் 1,715. நட்சத்திரங்கள் நகர்வதால் சில விலகிப் போகும், சில புதிதாக வரும். 12.5 ஒளியாண்டு தூரத்திலுள்ள டீகார்டன் நட்சத்திரம் 2050 வாக்கில் அந்த இடத்துக்கு வருகிறது, பூமி அளவு எடையுள்ள கோள்கள் அதற்கு உண்டு.