பிட்காயின் ஃபீ சதவீதக் கணக்கு இல்லைங்க

“நான் அனுப்பினது வெறும் அறுபதாயிரம். ஆறு லட்சம் அனுப்பின மச்சானைவிட எனக்கு ஏன் ஃபீ அதிகம்? ஆப்பே திருடிட்டதா?” வாலட் சிக்கல்களைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை, இந்த வாரமும் இதே கேள்விதான். யாரும் திருடவில்லை, ஐயா.

அனுப்பும் தொகைக்கும் ஃபீக்கும் சம்பந்தமே கிடையாது. பேங்க், புரோக்கர் பழக்கத்தில் “ஒரு பர்சன்ட் இருக்குமா சார்?” என்று கேட்கிறார்கள், எத்தனை முறை சொன்னாலும் மறுபடி அதையே கேட்கிறார்கள். உங்கள் டிரான்ஸாக்ஷன் பிளாக்கில் (டிரான்ஸாக்ஷன்கள் பதிவாகும் ஏட்டுப் பக்கம்) எத்தனை வீபைட் (அதன் அளவு) இடம் அடைக்கிறது, அப்போது ஒரு வீபைட்டுக்கு எத்தனை சடோஷி (பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) ரேட், இரண்டையும் பெருக்குங்கள். அவ்வளவுதான் ஃபீ.

கேள்வி கேட்ட இவர் சிறுகச் சிறுக 40 தடவை வாங்கி வாலட்டில் சேர்த்தவர். உண்டியலை உடைத்துச் சில்லறையாகவே கடைக்காரரிடம் கொட்டுகிற மாதிரி, அந்த 40-ம் தனித்தனி இன்புட்டாக, அதாவது தனித்தனி வரவுத் துண்டாகவே போகும். செக்விட் முகவரியில் (இடம் குறைவாக அடைக்கும் வகை) இன்புட் ஒன்றுக்குச் சுமார் 68 வீபைட், மற்ற பகுதிகளையும் சேர்த்தால் மொத்தம் 2,760 பக்கம். ரேட் 50 என்றால் 1,38,000 சடோஷி. பிட்காயின் 80 லட்சம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 11,000 ரூபாய்! மச்சானுக்கு ஒரே இன்புட், 141 வீபைட், அதே ரேட்டில் 560 ரூபாய் சொச்சம். இவரும் ரேட் 2-க்கு இறங்கும்வரை காத்திருந்தால் 450 ரூபாய்கூட ஆகியிருக்காது.

அதனால் அனுப்பும் முன் மெம்பூல் (பிளாக்கில் ஏறக் காத்திருக்கும் டிரான்ஸாக்ஷன் கூட்டம்) ரேட்டைப் பாருங்கள். அவசரமில்லையா, காத்திருங்கள். சில்லறை நிறைய இருந்தால், ரேட் இறங்கிக் கிடக்கும் நாளில் எல்லாவற்றையும் உங்களுக்கே ஒரே தொகையாக அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள் (எல்லா முகவரியும் ஒரே ஆளுடையது என்று வெளியே தெரிந்துவிடும், அது வேறு கதை). அப்புறம், கன்ஃபர்ம் அழுத்தும் முன் ஃபீ வரியை ஒரு தடவை படியுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 2023 செப்டம்பரில் பாக்ஸோஸ் என்ற கிரிப்டோ நிறுவனமே சுமார் 2,000 டாலர் அனுப்ப 20 பிட்காயின் அளவுக்கு ஃபீ கட்டியது. அந்த ஃபீயைப் பெற்ற, பிளாக்குகளை உருவாக்கும் மைனர் குழுவான எஃப்2பூல் பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்தது. உங்களுக்கும் எனக்கும் எந்த மைனர் கொடுப்பார்?

டிரான் என்ற வேறு நெட்வொர்க்கில் யுஎஸ்டிடி (டாலரோடு இணைத்த டோக்கன்) அனுப்புகிறவர்கள் ஃபீ கட்ட வாலட்டில் டிஆர்எக்ஸும் (டிரானின் சொந்த நாணயம்) வைத்திருங்கள். பெறுபவரிடம் யுஎஸ்டிடி ஏற்கெனவே இல்லையென்றால் எனர்ஜி (அங்கே ஃபீயைக் கணக்கிடும் அளவு) ஏறக்குறைய இரட்டிப்பாகும். எதீரியம் என்ற இன்னொரு நெட்வொர்க்கில் டிரான்ஸாக்ஷன் ஃபெயில் ஆனாலும் கேஸ் (அங்கே ஃபீக்கு அதுதான் பெயர்) போனது போனதுதான்.

ஃபீ குறைவாக வைத்துப் பிட்காயின் டிரான்ஸாக்ஷன் சிக்கிவிட்டதா? பதறாதீர்கள். வாலட்டில் ஆர்பிஎஃப் வசதி இருந்தால் ஃபீயைக் கூட்டி மறுபடி அனுப்பலாம். ஆனால் “பணத்தை விடுவிக்க முதலில் ஃபீ அனுப்புங்க” என்று டெலிகிராமில் வருகிறவனுக்கு ஒரு சடோஷிகூடக் கொடுக்காதீர்கள். நெட்வொர்க் ஃபீ உங்கள் டிரான்ஸாக்ஷனிலேயே கழிந்துவிடும், அதைத் தனியாக ஒருவர் கைக்கு அனுப்பச் சொன்னால் அவன் திருடன்.