இருநோக்கி: பைனாகுலருக்குத் தமிழ்ப் பெயர்

பறவை பார்க்கப் போகிறவர்களின் கழுத்தில் தொங்கும் கருவிக்குப் பேச்சில் ஒரே பெயர்தான்: பைனாகுலர். எழுத வந்தால் பெயர்கள் பெருகிவிடும். பழைய எழுத்துகளில் தூரதிருஷ்டிக் கண்ணாடி, செய்திகளில் தொலைநோக்கி, பறவை ஆர்வலர்கள் எழுதுவதில் இருகண்ணோக்கி, இருநோக்கி. சிலர் பூதக்கண்ணாடி என்றுகூட எழுதிவிடுகிறார்கள். அது கைரேகை பார்க்கிறவரிடம் இருக்க வேண்டிய பொருள், இங்கே அதற்கு வேலையில்லை.

பைனாகுலர் இலத்தீன் வழி வந்த சொல். 'பீனி' என்றால் இரண்டிரண்டாக, 'ஓகுலுஸ்' என்றால் கண். ஆங்கிலத்தில் இது முதலில் 'இரு கண்ணுக்குமான' என்று பொருள்படும் வெறும் அடைமொழியாகத்தான் இருந்தது. இருகண் தொலைநோக்கி என்று நீட்டிச் சொல்லி வந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் பின்பாதியை விட்டுவிட, அடைமொழியே பெயராக நின்றுவிட்டது. கத்தரிக்கோலைப் போல இதையும் ஆங்கிலேயர் பன்மையில்தான் சொல்வார்கள். தமிழுக்கு வந்ததும் ஒருமையாகிவிட்டது. "பைனாகுலர் எங்கே?" என்றுதான் கேட்கிறோம், பைனாகுலர்கள் என்றல்ல.

பெயர் பிந்தியதுதான், கருவி மூத்தது. 1608இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் லிப்பர்ஷே தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டபோது, இரு கண்ணாலும் பார்க்கும்படி ஒன்று செய்து தா என்று அரசு அவையினர் கேட்டார்கள். செய்தும் கொடுத்தார். பணம் கிடைத்தது, காப்புரிமை கிடைக்கவில்லை. 'டெலஸ்கோப்' என்ற சொல்லே அதற்குப் பிறகு, 1611இல் ரோமில் கலிலியோவைச் சிறப்பித்து நடந்த விருந்தில்தான் பிறந்தது. கிரேக்கத்தில் 'டெலே' தொலைவு, 'ஸ்கோபெய்ன்' நோக்குதல். ஆகவே தொலைநோக்கி என்பது டெலஸ்கோப்புக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்தும் தமிழ். அதை அதற்கே விட்டுவிடுவதுதான் முறை. பறவை பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்குத் தொலைநோக்கி வாங்கித் தருகிறேன் என்று முக்காலியில் நிற்கும் வானியல் கருவியை வாங்கிவந்தால், கொக்கு தலைகீழாகத் தெரியும்.

அந்தத் தலைகீழ் உருவத்தை நிமிர்த்தத்தான் பைனாகுலருக்குள் முப்பட்டகங்கள் (பிரிசம்) இருக்கின்றன. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இல் இதற்கு வழி கண்டார். அதை ஒழுங்காகச் செய்யக்கூடிய கண்ணாடி வர நாற்பது ஆண்டு ஆயிற்று. 1894இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்துதான் இன்றைய பைனாகுலரின் கதை தொடங்குகிறது.

மிச்சமிருப்பவை இருகண்ணோக்கி, இருநோக்கி. மூலத்துக்கு நெருக்கமானது முன்னது. கண்ணும் நீரும் கண்ணீர் ஆவதுபோல் கண்ணும் நோக்கியும் கண்ணோக்கி ஆகும், இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் 'இரு கண்ணை நோக்குபவர்' என்றும் அதைப் பிரித்துவிடலாம், அது கண் மருத்துவர். என் கை இருநோக்கி என்றுதான் எழுதும். சுருக்கம், காதுக்கும் பழகியது. "இருநோக்கு இவளுண்கண் உள்ளது" என்று குறளே (1091) தொடங்குகிறது. அங்கே அது நோய் தரும் பார்வையும் மருந்தாகும் பார்வையும். மலிவு பைனாகுலர் வாங்குகிறவர்களுக்கு இந்தக் குறள் வேறு வகையில் பொருந்தும், ஏனென்றால் மலிவில் முதலில் கெடுவது அந்த 'இரு'தான்.

இரண்டு குழாயும் ஒரே திசையை இம்மி பிசகாமல் பார்க்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் கண்கள் சிரமப்பட்டு இரண்டு படத்தையும் ஒட்டவைக்கும். கடையில் இரண்டு நிமிடம் பார்க்கும்போது தெரியாது. அரை மணி நேரம் ஏரிக்கரையில் நின்றால் தலைவலிக்கும். சோதிப்பது எளிது. தூரத்திலுள்ள மொட்டைமாடிச் சுவரின் விளிம்பையோ மின்கம்பியையோ பார்த்தபடி, கருவியை முகத்திலிருந்து ஒரு சாண் மெல்ல விலக்குங்கள். இரண்டு வட்டத்திலும் அந்தக் கோடு ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஒன்றில் படி ஏறியோ இறங்கியோ இருந்தால் வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். வீட்டில் சரிசெய்துகொள்ளும் பழுதல்ல அது. இணையத்தில் வாங்கினால், திருப்பிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

பைனாகுலரில் பார்த்தால் எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்ததுபோல் தெரியும் என்று சினிமா நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. உண்மையில் தெரிய வேண்டியது ஒரே வட்டம். இரண்டாகத் தெரிந்தால் குழாய்களின் இடைவெளி உங்கள் கண்களின் இடைவெளிக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். நடுக்கீலை மடக்கி விரித்து ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

மேலே அச்சிட்டிருக்கும் 8×42இல் எட்டு உருப்பெருக்கம், 42 முன்புற வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். எண் பெரிதானால் நல்லது என்ற நம்பிக்கையை வைத்துத்தான் 30×60 என்றெல்லாம் போட்டு விற்கிறார்கள். பத்துக்கு மேல் போனால் கை நடுக்கமும் அதே மடங்கு பெருகும், பார்வைப் புலமும் சுருங்கும். மாமரத்துக்குள் தாவிக்கொண்டே இருக்கும் மாம்பழச்சிட்டை அதில் பிடிக்க முடியாது. 42ஐ எட்டால் வகுத்தால் 5.25, கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் விட்டம். பகலில் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் விரிகிறது, தாராளமாகப் போதும். விடியலில் விரிந்த கண்மணிக்கும் ஈடுகொடுக்கும். ஜூம் உள்ளவை, முன்வில்லை சிவப்பாகக் கண்ணாடிபோல் மினுங்குபவை இரண்டையும் தொடவே வேண்டாம்.

நேர்க்குழாய் உள்ள ரூஃப் வகை பார்க்க அழகு. ஆனால் அதன் முப்பட்டகத்தைத் துல்லியமாகச் செய்யவும் அதற்குரிய பூச்சுப் பூசவும் செலவாகும். விலையைக் குறைத்தால் அங்கேதான் கைவைப்பார்கள். அகன்ற தோளுள்ள போரோ வகை அதே பணத்துக்குப் பெரும்பாலும் தெளிவான படம் தரும். இங்கே தொடக்கக்காரர்கள் பலர் வாங்கிவந்த ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ், நிக்கான் அக்குலான் 8×42 இரண்டுமே போரோதான். எடை முக்கால் கிலோவை ஒட்டி வரும், மழையும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில்தான் வலசைப் பறவைகளைத் தேடிப் போகிறோம் என்பதால், பையில் ஒரு பிளாஸ்டிக் உறை எப்போதும் இருக்கட்டும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் ரப்பர் விளிம்பை மடித்துவிட்டுப் பார்த்து, வட்டம் முழுதாகத் தெரிகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

வாங்கியதும் செய்ய வேண்டியதும் 'இரு'வைச் சேர்ந்ததே. நம் இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதற்காகத்தான் வலது கண்ணருகு வில்லையைத் திருகும்படி செய்திருக்கிறார்கள். ஐம்பதடி தள்ளி ஒரு பெயர்ப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். வலது முன்வில்லையைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி, இடக்கண்ணுக்கு எழுத்தைக் கூர்மையாக்குங்கள். பிறகு இடப்பக்கம் மூடி, சக்கரத்தைத் தொடாமல் வலது வில்லையை மட்டும் திருகி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள். கண்ணை இடுக்கிக்கொள்ள வேண்டாம், கணக்குத் தப்பும். வலது வில்லை எந்தக் குறியில் நிற்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால், இனி சக்கரம் மட்டும் போதும். "ஒரு தடவை குடுங்க சார்" என்று வாங்கிப் பார்ப்பவர்கள் அதையும் திருகிவிட்டுத்தான் தருவார்கள்.

பறவையைக் கண்டதும் குனிந்து கருவியைத் தேடினால் தொலைந்தது. பார்வையை அதன்மேலேயே வைத்துக் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். வேடந்தாங்கல் கரையில் பழகலாம். மஞ்சள் மூக்கு நாரைகள் பெரியவை, ஒரே மரத்தில் மணிக்கணக்காக இருக்கும். அவை கைவந்த பிறகு சிறிய கரைப்பறவைகளான உள்ளான்களுக்குப் போகலாம். சூரியன் பக்கம் மட்டும் தவறியும் திருப்பக் கூடாது.

ஒற்றைக் குழாயில் வரும் மானாகுலருக்கு ஒருநோக்கி என்ற பெயர் தானாகவே அமைந்துவிடுகிறது. சட்டைப்பையில் அடங்கும், விலையும் குறைவு. ஆனால் ஒரு கண்ணை மூடி நெடுநேரம் பறவை பார்ப்பது எளிதல்ல. பணம் இடிக்கிறது என்றால், தெரிந்தவரிடம் இருக்கும் பழைய இருநோக்கியைக் கேட்டு வாங்கி, அதே மின்கம்பிச் சோதனையைச் செய்து, வெளிச்சத்தில் வில்லைக்குள் பூஞ்சை நூல் ஓடியிருக்கிறதா என்றும் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.