கொக்கு ஏன் ‘கெக்கு’ ஆகிறது?

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘கொக்கு’ என்பதைக் ‘கெக்கு’ என்று வாசிக்கிறான். குளத்தங்கரையில் கொக்கு எப்படி நிற்கும் என்று கேட்டால் ஒற்றைக் காலில் நின்றே காட்டுவான். எழுத்து மட்டும் பிடிபடவில்லை. சோம்பேறி என்பார் ஒருவர். கண்ணைச் சோதிக்கச் சொல்வார் இன்னொருவர். இரண்டும் தப்பு.

‘கொ’வை உற்றுப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால். எழுதும்போது கொம்பு முந்துகிறது. சொல்லும்போதோ ‘க்’தான் முந்துகிறது. கடைசியில் துணைக்கால் வந்து நின்ற பிறகே ‘எ’ என்று நினைத்தது ‘ஒ’ ஆகிறது. பெரும்பாலான பிள்ளைகள் இந்தத் தாவலுக்குச் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். அறிவு குறையாமலே வாசிப்பு மட்டும் கடினமாகிப்போகும் கற்றல் குறைபாட்டுக்கு டிஸ்லெக்சியா என்று பெயர். அது உள்ள பிள்ளை இங்கேயே வருடக்கணக்கில் தடுக்கி விழும்.

தமிழ் எழுத்தைக் குறை சொல்லிப் பயனில்லை; எல்லா மொழியிலும் டிஸ்லெக்சியா உண்டு. பேச்சு தானாக வருகிறது. எழுத்துக்கு வயது சுமார் 5,000 ஆண்டுகள்தான். அதற்கென்று மூளையில் தனி இடம் இல்லை. பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஒரு மூலையை, இடப்பக்கம், எழுத்துக்காகப் பழக்கி ஒலியோடு முடிச்சுப் போட வேண்டியிருக்கிறது. டிஸ்லெக்சியாவில் பெரும்பாலும் தளர்ந்திருப்பது அந்த முடிச்சு. சொல்லை ஒலிகளாக உடைப்பதே கடினமாகிறது. ‘பந்து’வில் ‘ப்’ போய் ‘ச்’ வந்தால் என்ன? ‘சந்து’ என்று சட்டென வராது.

அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதிய அவன், 749ஐ 867ஆல் விரைவாகவும் சரியாகவும் பெருக்கினான். பாடமெல்லாம் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றார் அவனுடைய ஆசிரியர்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் சிறப்பாசிரியர் அதே பாடத்தை இன்னும் உரக்கச் சொல்வதில்லை. முதலில் எழுத்தே கிடையாது. ‘பல்’ என்று சொல்லி, ஒலிக்கு ஒரு பாசிமணி வைக்கச் சொல்வார்: ப், அ, ல். மூன்று மணி. பிறகுதான் எழுத்து, அதுவும் மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாயால் சொல்ல வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்து மணல்தான், வேறொன்றுமில்லை. கண், காது, வாய், விரல் நான்கும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தைப் பிடிக்கின்றன. நேற்றைய எழுத்து உறுதியான பிறகே அடுத்தது. இப்படித் தீவிரமாகப் பயின்ற பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்தால், மந்தமாக இருந்த இடப்பக்கப் பகுதிகள் கூடுதலாக இயங்குவதைப் பார்க்க முடிகிறது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும் கிடைக்க வழி இருக்கிறது. நல்லதுதான். ஆனால் பத்தாம் வகுப்பு நெருங்கும்போது சான்றிதழுக்கு அலையும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். எழுத ஆள் வைத்தால் தேர்வு நடக்கும், வாசிப்பு வராது. பந்து, சந்து விளையாட்டை ஐந்தாறு வயதிலேயே பஸ்ஸில் போகும்போதுகூட ஆடிப் பார்க்கலாம். அதற்குப் பென்சில்கூட வேண்டாம்.