அக்கவுண்ட் நம்பர் மாறிவிட்டது என்று மெயில் வந்தால், முதலில் போனை எடுங்கள்

மறுபடியும் ஒரு அலுவலகம். லிங்கி செட்டி தெருவில், சீனாவிலிருந்து ஹார்டுவேர் சாமான் இறக்குமதி செய்கிறவர்கள். பல வருஷமாகச் சரக்கு அனுப்பும் பார்ட்டியிடமிருந்து ஒரு மெயில்: எங்கள் வங்கிக் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்தத் தடவை பாக்கியை வேறு கணக்குக்கு அனுப்புங்கள். கூடவே புது இன்வாய்ஸ். அதே லெட்டர்ஹெட், அதே சீல், அதே கன்டெய்னர் நம்பர், தொகையும் பைசா மாறாமல். அனுப்பிவிட்டார்கள். பிறகு அந்தப் பார்ட்டியே போன் போட்டு, "பணம் என்றைக்கு வரும்?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

நான் போனபோது முதலாளி, அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண்ணை நிற்க வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். "பார்த்து அனுப்பியிருக்க வேண்டாமா?" அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைத் திருப்பிக் காட்டினார். "அவங்க ஐடியில இருந்துதான் சார் வந்திருக்கு, நீங்களே பாருங்க." பார்த்தேன். ஒரு புள்ளிகூட மாறாத அதே முகவரி. மெயில் எந்த வழியாக வந்தது என்று காட்டும் ஹெட்டரைப் பிரித்துப் பார்த்தாலும், அந்தப் பார்ட்டியின் சர்வரிலிருந்தே கிளம்பிய மெயில்.

பாரிமுனை, மண்ணடி, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் இருக்கும் சின்ன அலுவலகங்களுக்கு கம்ப்யூட்டரும் மெயிலும் பார்த்துக்கொடுப்பது என் தொழில். எங்கே போனாலும் இதே பேச்சைக் கேட்கிறேன்: போலி மெயில் பார்த்தாலே தெரிந்துவிடும், கவனம் இல்லாதவர்கள்தான் ஏமாறுவார்கள். இந்த நினைப்புதான் பணத்தைக் கொண்டுபோகிறது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

லாட்டரி விழுந்தது, இங்கிலீஷ் தப்பும் தவறுமாக இருக்கிறது என்று கண்டுபிடித்ததெல்லாம் பழைய காலம். இப்போது நல்ல இங்கிலீஷ் எழுதித்தர மென்பொருளே இருக்கிறது. செல்போனில் மெயில் திறந்தால் பெரும்பாலும் பெயர் மட்டும்தான் கண்ணில் படும். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். உங்கள் பெயரிலேயே என்னால் மெயில் அனுப்ப முடியும். முகவரியைத் தட்டிப் பார்த்தால், ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டிருப்பார்கள். சின்னத் திரையில் வித்தியாசம் தெரியாது. இதுவரைகூட பழகிய கண் பிடித்துவிடும். ஆனால் பார்ட்டியின் மெயில் பெட்டியே திருடனின் கையில் இருந்தால்? முகவரி உண்மை, சர்வர் உண்மை, மெயிலுக்குக் கீழே நீங்கள் எழுதிய பழைய பதில்களும் உண்மை. எழுதுகிற ஆள் மட்டும் வேறு. இதை எந்தக் கண்ணாலும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பெண் கவனமாகத்தான் பார்த்தார்.

பெட்டி எப்படிக் கைமாறுகிறது? நம் ஏரியாவில் நான் அதிகம் பார்ப்பது டி.ஓ. (சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டர்), அரைவல் நோட்டீஸ் (சரக்கு வந்துவிட்டது என்ற அறிவிப்பு) என்று வரும் மெயில். சென்னைத் துறைமுகத்திலோ காட்டுப்பள்ளியிலோ கன்டெய்னர் நிற்கிறது, இன்றைக்குள் பேப்பர் பார்க்காவிட்டால் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும் என்று எழுதியிருக்கும். டெமரேஜ் என்ற வார்த்தையைப் பார்த்ததும் நம் ஆட்களுக்குக் கை தானாகவே கிளிக் செய்துவிடும். இணைப்பு பி.டி.எஃப். மாதிரி தெரியும், ஆனால் கடைசியில் 'டாட் எச்.டி.எம்.எல்.' என்று இருக்கும். திறந்தால் மங்கலாக ஒரு பி.எல். (கப்பல் சரக்கு ரசீது), அதற்கு மேலே ஒரு சின்னக் கட்டம். அதில் உங்கள் மெயில் முகவரி ஏற்கெனவே நிரப்பியிருக்கும், பாஸ்வேர்டு மட்டும் கேட்கும். போட்டால் "தவறு, மறுபடி போடுங்கள்" என்று வரும். இரண்டாம் முறை போட்டதும் உண்மையான தளத்துக்குக் கொண்டுபோய்விடும். நாம்தான் முதலில் தப்பாக அடித்துவிட்டோம் போல என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

அப்புறம் திருடன் அவசரப்படுவதில்லை. உட்கார்ந்து படிப்பான். பறிபோன பெட்டிகளைத் திறந்தால் நான் முதலில் தேடுவது, வரும் மெயிலைத் தானாகப் பிரித்துத் தள்ளும் 'ரூல்ஸ்' பகுதியைத்தான். அங்கே ஒற்றைப் புள்ளியைப் பெயராக வைத்து ஒரு ரூல் இருக்கும். 'பேமென்ட்', 'இன்வாய்ஸ்' என்று வரும் மெயில்களை எல்லாம், யாருமே திறக்காத ஆர்.எஸ்.எஸ். ஃபீட்ஸ் ஃபோல்டருக்குத் தள்ளிவிடும். நீங்கள் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டு எழுதினாலும், அந்தக் கேள்வி உண்மையான ஆளின் கண்ணுக்கே போகாது. பதில் சொல்வது திருடன்.

அதனால் மெயிலை மெயிலிலேயே சரிபார்க்காதீர்கள். கணக்கு எண் மாறியிருந்தால் பேசுங்கள். நம்பரைப் பழைய இன்வாய்ஸிலிருந்தோ உங்கள் போனில் முன்பே பதிந்ததிலிருந்தோ எடுங்கள். அந்த மெயிலில் போட்டிருக்கும் நம்பரைத் தொடவே தொடாதீர்கள். வெளிநாட்டுக் கால் என்றால் செலவு ஆகும்தான், ஆகட்டும்.

பாஸ்வேர்டு போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால், அதை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்அவுட் செய்யுங்கள், ரூல்ஸைப் பாருங்கள், ரிக்கவரி நம்பர் உங்களுடையதுதானா என்று பாருங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றைக்கே போடுங்கள். "நாளைக்குப் பார்த்துக்கலாம் சார்" என்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

"தளத்தில் பூட்டுச் சின்னம் இருந்ததே" என்பார்கள். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். எதிரே இருப்பவன் யார் என்று அது சொல்லாது. ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் 2023-ல் குரோம் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது. வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் உத்தரவிட்டது. வங்கி மெயிலில் லிங்க் வந்தால், 'https://' என்பதற்கு அப்புறம் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் முகவரி எப்படி முடிகிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் வங்கி பெயர் இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வருமான வரி நோட்டீஸ் என்றால் அதில் இருக்கும் டி.ஐ.என். என்ற ஆவண அடையாள எண்ணை, துறையின் தளத்தில் நீங்களே போய்ச் சரிபார்க்கலாம். லாக்இன்கூட வேண்டாம்.

முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். போன் செய்து கேட்கும்வரை பேமென்டை நிறுத்தி வைத்தால் திட்ட மாட்டேன் என்று உங்கள் ஊழியர்களிடம் வாய் திறந்து சொல்லுங்கள். திட்டுக்குப் பயந்து இரண்டு நாள் மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு நாளில் பணம் எத்தனையோ கை மாறிவிடும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே வங்கிக்குச் சொல்லுங்கள், சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பிய பணம் என்றால், பணத்தைத் திருப்பிக் கேட்கும் ஸ்விஃப்ட் ரீகால் அனுப்பச் சொல்லி வங்கியிடம் எழுத்தில் கொடுங்கள். கோபத்தில் அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் போதாது. புகார் கொடுக்கும்போது மூல மெயில் அப்படியே வேண்டும், எங்கிருந்து வந்தது என்ற விவரமெல்லாம் அதன் ஹெட்டரில்தான் இருக்கிறது.