வீட்டில் செய்யும் பாட்டு ரிமோட்: பழுதுபார்ப்பவரின் மேசையிலிருந்து

வீட்டில் செய்த ரிமோட் எதுவும் பழுதென்று என் மேசைக்கு வந்ததில்லை. அதோடு இணைத்திருந்த கணினிதான் வந்திருக்கிறது. கணினியில் ஓடும் பாட்டை எழுந்து போகாமல் நிறுத்தவும் மாற்றவும் ஒரு சிறு கருவி செய்துகொள்வது, எலெக்ட்ரானிக்ஸ் பழகுகிறவருக்கு மிக நல்ல முதல் வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ரிமோட் அனுப்பும் அகச்சிவப்பு ஒளியை ரிசீவர் என்னும் சிறு உறுப்பு பிடிக்கும்; அதோடு இணைந்த மின்சுற்றுப் பலகை அதைக் கணினிக்குக் கட்டளையாகச் சொல்லும். ஆனால் அந்த மலிவான பலகையிலிருந்து போகும் கம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அண்மையில் பார்த்த ஒரு மடிக்கணினியில், ரிசீவர் பலகைக்குத் தெம்பு போதாது என்று எண்ணி, 12 வோல்ட் அடாப்டர் ஒன்றை, 5 வோல்ட் மட்டுமே ஏற்கும் இணைப்புக் காலில் செருகியிருந்தார்கள். பலகை எரிந்ததோடு நிற்காமல், அந்த மின்னழுத்தம் யுஎஸ்பி கம்பி வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்து மதர்போர்டையும் சேதப்படுத்திவிட்டது.

அந்த அடாப்டர் தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கை. யுஎஸ்பி 2.0 போர்ட், இணைந்த கருவி கேட்டுப் பெற்றால், 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் வரை தரும். அகச்சிவப்பு ரிசீவருக்கு வேண்டியது ஒன்றிரண்டு மில்லிஆம்பியருக்குள் அடங்கும். பலகையையும் சேர்த்தால்கூட அந்த எல்லைக்கு வெகு தொலைவில்தான் நிற்போம். ஆகவே கணினியோடு இணைந்த கருவிக்கு மின்சாரம் கணினியிலிருந்து மட்டுமே வரட்டும்.

அடுத்து ரிசீவரின் மூன்று கால்கள். கருப்பாக, முன்பக்கம் சிறு குமிழோடு இருக்கும் இந்த ரிசீவர்கள் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் கால்களின் வரிசை ஒன்றல்ல. குமிழ் நம்மைப் பார்த்திருக்க இடமிருந்து எண்ணினால், டிஎஸ்ஓபி 1738 வகையில் தரை (மின்சாரம் திரும்பும் பூஜ்ய வோல்ட் இணைப்பு), மின்சாரம், வெளியீடு என்றும், டிஎஸ்ஓபி 4838 வகையில் வெளியீடு, தரை, மின்சாரம் என்றும் வரும். 4838-க்கு வரைந்த படத்தை வைத்து 1738-ஐச் செருகினால், மின்சாரம் போக வேண்டிய காலில் தரையும், வெளியீட்டுக் காலில் 5 வோல்ட்டும் ஏறும். சில நொடிகளில் ரிசீவர் விரல் சுடும் அளவுக்குக் கொதிக்கக்கூடும். கையில் இருப்பதன் மேல் அச்சிட்ட எண்ணைப் படித்து, அதற்குரிய டேட்டாஷீட்டை (தயாரிப்பாளரின் விவரத் தாளை) பார்த்த பிறகே சால்டர் இரும்பைச் சூடாக்குங்கள். கணினியில் செருகும் முன், 5 வோல்ட் கம்பிக்கும் தரைக்கும் இடையே ஷார்ட் இல்லை என்பதை மல்டிமீட்டரால் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

பழைய மேசைக்கணினிகளின் சீரியல் போர்ட்டில் ரிசீவரை இணைக்கும் முறை ஒன்று உண்டு. லினக்ஸில் லிர்க் என்னும் மென்பொருளோடு பல ஆண்டுகள் புழங்கியது. அந்தப் போர்ட் 5 வோல்ட்டில் இயங்குவதல்ல, அதன் சமிக்ஞை மைனஸ் 15 முதல் பிளஸ் 15 வோல்ட் வரை ஊசலாடலாம். அதனால்தான் அந்தப் படங்களில் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டயோடும், மின்னழுத்தத்தை 5 வோல்ட்டில் நிறுத்தும் ரெகுலேட்டரும் இருக்கும். அவை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இன்று பெரும்பாலோர் கையாளும் வழி, ஏடிமெகா 32யு4 சில்லு உள்ள பலகை. அது தன்னைக் கணினியிடம் விசைப்பலகை என்றே அறிமுகப்படுத்திக்கொள்வதால், எந்தப் பாட்டு மென்பொருளாக இருந்தாலும் ‘இயக்கு’, ‘நிறுத்து’, ‘அடுத்தது’ என்னும் ஊடக விசைகளை அனுப்பினால் போதும். இந்த வசதிக்குள்ளேயே ஒரு பொறியும் இருக்கிறது. நிரலில் சிறு பிழை நேர்ந்தால், செருகிய கணமே அது தாறுமாறாக விசைகளை அழுத்தத் தொடங்கும்; பிழையைத் திருத்தப் புதிய நிரலை ஏற்ற முயன்றால், நிரல் எழுதும் சாளரத்திலேயே எழுத்துகளைக் கொட்டும். இதற்கு நான் எப்போதும் செய்வது எளிது: பலகையின் ஒரு காலைத் தரையோடு இணைக்கும் ஜம்பர் வைத்து, ஜம்பர் இருந்தால் மட்டுமே விசை அனுப்பும்படி நிரலின் முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். ஏதேனும் தவறினால் ஜம்பரைக் கழற்றினால் கருவி வாயை மூடிக்கொள்ளும்.

ஒலியளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே கெடுவது காது. பரவலாக உள்ள என்இசி என்னும் ரிமோட் குறியீட்டு முறையில், ரிமோட் பட்டனை அழுத்தியதும் 9 மில்லிநொடித் துடிப்பும் 4.5 மில்லிநொடி இடைவெளியும் கழித்து 32 பிட்டுகள் வரும். விரலை எடுக்காதவரை, ஏறத்தாழ 108 மில்லிநொடிக்கு ஒரு முறை, ‘முன்பு சொன்னதே’ என்னும் குறுஞ்செய்தி மட்டும் வந்துகொண்டிருக்கும். ஒரு செய்திக்கு ஒலி 2 படி ஏறும் என்று வைத்துக்கொண்டால், பூஜ்யத்திலிருந்து 100 வரை போக ஐந்தரை நொடிகூட ஆகாது. அதைவிட மோசமானது, ‘விசை அழுத்தப்பட்டது’ என்று அனுப்பிவிட்டு ‘விடப்பட்டது’ என்று அனுப்ப மறக்கும் நிரல். இயங்குதளம் விரல் இன்னும் விசைமேல் இருப்பதாகவே கருதி ஒலியை உச்சத்துக்கு ஏற்றிவிடும். ஹெட்போன் மாட்டியிருப்பவர் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் விடுவிப்பையும் உடனே அனுப்புங்கள், தொடர்ச்சியான ஏற்றத்தைச் சில படிகளோடு நிறுத்துங்கள், சோதனை முடியும்வரை ஹெட்போனைக் காதில் மாட்டாதீர்கள்.

யாரும் தொடாமலே பாட்டு மாறுகிறது என்ற புகாருக்குப் பேய் காரணமல்ல. ஃப்ளோரசன்ட் விளக்குகளும் வெயிலும் ரிசீவரைக் குழப்பும். ரிசீவரின் மின்சாரக் காலில் 100 ஓம் ரெசிஸ்டரும் 4.7 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேர்த்து, குறியீடு முழுவதும் பொருந்தினால் மட்டுமே செயல்படும்படி எழுதினால் பெரும்பாலும் அடங்கிவிடும். தொலைக்காட்சியின் ரிமோட்டையே பயன்படுத்துவதாக இருந்தால், அந்தத் தொலைக்காட்சி பொருட்படுத்தாத குறியீடுகளைத் தேர்ந்தெடுங்கள்.

கைப்பேசியையே ரிமோட்டாக்க விரும்புவோர் சால்டர் புகையிலிருந்து தப்பலாம், வேறொன்றிலிருந்து தப்ப முடியாது. விஎல்சி, எம்பிடி ஆகியவை கணினியில் பாட்டு இயக்கும் மென்பொருள்கள். விஎல்சியின் வலை இடைமுகம் 8080 என்னும் போர்ட்டிலும் (வலைவழித் தொடர்புக்கான வாசல் எண்), எம்பிடி 6600 என்னும் போர்ட்டிலும் வழக்கமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். எம்பிடிக்கு நாமாக வைத்தாலொழியக் கடவுச்சொல் இல்லை. வீட்டு வலைக்குள் இருக்கும்வரை பெரிய கேடில்லை, ஆனால் வெளியூரிலிருந்தும் பாட்டை மாற்றிப் பார்க்கும் ஆசையில் ரவுட்டரில் அந்தப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள்.

கடைசியாக, பயிற்சிப் பெட்டிகளோடு வரும் தட்டையான சிறு ரிமோட். அதற்குள் இருப்பது பெரும்பாலும் சிஆர் 2025 என்னும், 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள பட்டன் பேட்டரி. நகத்தால் இழுத்தாலே வெளியே வந்துவிடும் தட்டில், திருகு ஏதுமின்றி உட்கார்ந்திருக்கும். குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தின் வழியே பாயும் மின்னோட்டம் அங்கே காரத்தை உண்டாக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் திசுவைக் கடுமையாக அரித்துவிடும்; வேறு கருவிக்கு உதவாத அளவுக்குத் தீர்ந்துபோன பேட்டரியிலும் இந்த ஆபத்து உண்டு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் ரிமோட் செய்தால், இரண்டு ஏஏஏ பேட்டரி கொள்ளும் பெட்டியைத் திருகு மூடியோடு வைத்துத்தான் கொடுப்பேன். விழுங்கியதாக ஐயம் எழுந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். போகும்போது பேட்டரியின் எண் அச்சிட்ட அட்டையோ, அதே வகைப் பேட்டரி வேறொன்றோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.